காற்றுக்கா பஞ்சம்?



ஆனி, ஆடி வந்தால் நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஆளையே தள்ளும் காற்று. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சுழல்வதும் அதை நம்பித்தான். அந்தக் காற்று அள்ளி வரும் புழுதி எங்கே போகிறது தெரியுமா? நம் லேப்டாப் விசிறிக்குள்!

அண்ணன் தந்த லேப்டாப்பில் கேம் போட்டால் பத்தே நிமிடம் ஓட்டம். பிறகு நத்தை நடை. அடியில் தோசைக்கல் சூடு! "தலை முழுகிடு மாப்ள, புதுசு வாங்கு" என்றான் அறைத்தோழன். வாங்க வேண்டுமென்றால் அம்மாவின் திராட்சைத் தோட்டக் கூலியில்தான் கை வைக்கணும். என் ஆட்டோகேட் வேலையும் அந்த மெஷினில்தான்.

முதலில் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு ஏன் தளர்கிறது? சூடு ஏறக்குறைய 100 டிகிரியைத் தொட்டால், பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால் கணக்குப் போடுவதும் படம் வரைவதும் ஒரே சிப். ஒரே அடுப்பில் இரண்டு உலை! 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் நம் வீடுகளுக்கு வந்தவையும் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

மெஷினை அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, விசிறி சுழலாமல் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தூசி தட்டினேன். காய்ந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது தடவினேன். மெத்தையை விட்டு மேசைக்கு மாற்றினேன். கேமில் 1920×1080-ஐ 1280×720 ஆக்கினேன். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே! இப்போது ஒரு மணி நேரமானாலும் தளர்வதில்லை. செலவு, பேஸ்ட்டுக்கு மட்டும்.

தோழர்களே, புதுசு கேட்குமுன் சூடு எங்கே என்று தொட்டுப் பாருங்கள். அந்தக் காசுக்காக வீட்டில் ஒருவர் வெயிலில் நிற்கிறார்!