வலிக்கும் பித்தா?

குற்றாலத்துச் சாரல் கடையம் வரை எட்டிப் பார்க்கும் நாட்களில், எம் ஊர்த் திண்ணைகளில் ஒரு பேச்சும் உடன் வந்து அமரும். "அருவியில் ஒரு மண்டலம் தலையைக் கொடுத்தால் பித்தம் தெளிந்துவிடும்" என்பர். அருவி குளிரும், அழுக்கும் அகலும். மூளையின் பிணியை அது எங்ஙனம் போக்கும்? கேட்டால் சினக்கிறார்கள்! நம்பிக்கை நீரோடு நின்றிருந்தால் பொறுத்திருக்கலாம். அது சங்கிலியாகவும் மாறிற்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், கொட்டகையிலே பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர், ஓட வழியின்றித் தீயில் மாண்டனர்.

கோயில் வாயிலிலும் தர்கா நிழலிலும் மட்டுந்தான் குருட்டு எண்ணம் குடியிருக்கிறதா? இல்லை, தோழர்களே! மின்விளக்கு ஒளிரும் மருத்துவமனைக் கூடத்திலும் அதைக் கண்டோம்.

எம் உறவினர் ஒருவருக்குப் பித்தப்பையில் கல். அறுவை செய்தாக வேண்டும். அவருக்கு இருமுனை மனநோயும் உண்டு. சில திங்கள் உவகை கரை புரளும். உறக்கமின்றித் திரிவார், கடன் வாங்கிக் கொடை கொடுப்பார். பிறகு சில திங்கள் சோற்றையும் வெறுத்துச் சுவரைப் பார்த்துக் கிடப்பார். 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இந்நோய்க்குப் பயன்படுமெனக் காட்டிய லித்தியம்தான் அவரைப் பல்லாண்டு நிலைநிறுத்தி வந்தது. எளிய உப்பு! அருவி செய்யாததை அது செய்தது.

அறுவை நன்றே முடிந்தது. மூன்றாம் நாள் வாந்தி, கை நடுக்கம், நடையில் தள்ளாட்டம், வயிறு வலிக்கிறதென்ற ஓலம். "மென்டல் கேஸ், அப்படித்தான் கத்தும்" என்றது ஒரு குரல். கத்தும்! மனிதர் அஃறிணையானார். "அண்ணாச்சி, அவுக பொய் சொல்ல மாட்டாக" என்று எம்மிடம் அழுதார் அவர் மனைவி.

இரவுப் பணிக்கு வந்த மூத்த செவிலியர் ஒருவர் மட்டும் மருந்துச் சீட்டைப் புரட்டினார். வலிக்கு டைக்ளோபினாக் ஊசி. மறுபுறம் லித்தியம் நிற்காமல் தொடர்கிறது. வாந்தியால் உடலில் நீரும் இல்லை. அத்தகைய வலிமருந்து, சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைக்கும். நீர் வற்றினாலும் அதே கேடு. மருந்து குருதியில் தேங்கி நஞ்சாகும். மருத்துவரை எழுப்பினார். குருதியைச் சோதித்தனர், அளவு எல்லை கடந்திருந்தது. லித்தியத்தையும் அந்த ஊசியையும் நிறுத்தி, நரம்பு வழியே நீர் ஏற்றினர். பித்து என்று பெயரிடப்பட்ட நடுக்கம் இரண்டே நாளில் அடங்கிற்று.

மயக்க மருந்தாலும் வாந்தி வரும், லித்தியம் மிகுந்தாலும் வரும். எது என்று பிரித்தறிய அருகிருந்து பார்க்கும் கண் வேண்டும். பெரிய அறுவைக்கு முன் லித்தியத்தை நிறுத்துவதா, எப்போது மீண்டும் தொடங்குவதா என்பதை மனநல மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும் கூடி முடிவு செய்தல் வேண்டும். வீட்டார் தாமாக நிறுத்தினால் பழைய வெறி திரும்பக்கூடும். சோர்வில் ஆழ்ந்தவர் வலித்தாலும் வாய் திறவார், எழுந்து நடவார். காலில் குருதி உறையும், நெஞ்சில் சளி கட்டும். உவகையில் பறப்பவரோ கட்டைப் பிய்த்துக்கொண்டு வாயில் நோக்கி நடப்பார். ஒருவரைக் கனிவோடு எழுப்ப வேண்டும். மற்றவரைக் கனிவோடு அமர்த்த வேண்டும். உறக்கம் கெட்டால் வெறி தலைதூக்கும். ஆகவே நள்ளிரவில் விளக்கைப் போட்டு வேண்டாத காரணத்துக்கு அவரை எழுப்பலாகாது. கயிறு எடுப்பது எளிது. பக்கத்தில் அமர்ந்து நாலு சொல் பேசுவதற்கு ஆள் வேண்டும். நாற்பது கட்டிலுக்கு ஒருவரை நிறுத்திவிட்டு அவரிடம் கனிவை மட்டும் கேட்பது நேர்மையா?

2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் சங்கிலியைத் தடுக்கிறது. உடல்நோயாளருக்கு இணையாக மனநோயாளரையும் எல்லா மருத்துவத்திலும் நடத்துக என்கிறது. அந்த இணை, "வலிக்கிறது" என்று அவர் சொன்னதும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதில் தொடங்குகிறது. எம் உறவினரின் மனைவி இப்போது மருந்துகளின் பெயரையும் அளவையும், ஒவ்வாத வலிமாத்திரைகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதுவித்து, குடும்ப அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறார்.