ஊன்றுகோல் எந்தக் கையில்?

உடம்பிலுள்ள அவயவங்களுக்குள்ளும் உயர்வு தாழ்வு கற்பித்தவர்கள் நாம். கண்ணைப் புகழ்கிறோம்; கையைப் பாராட்டுகிறோம்; பெரியோர் கால் என்றால் தொட்டு வணங்கவும் செய்கிறோம். ஆனால், இடுப்பின் பின்னும் பக்கத்திலும் இருந்துகொண்டு நம்மை நிமிர்ந்து நிற்கச் செய்யும் பிட்டத் தசைகளைப் பற்றி நால்வர் முன்னிலையில் பேச நேர்ந்தால் மட்டும் நமக்கு நாணம் வந்துவிடுகிறது. இந்த நாணம் எங்கள் வீட்டில் எட்டு மாதங்களை விழுங்கிவிட்டது. பிற குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்று கருதி அந்தக் கதையை இங்கே எழுதுகிறேன்.

என் தாயாருக்கு வயது 74. நெடுங்காலம் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய மாடி வீட்டில் வாழ்ந்தவர். நாளொன்றுக்குப் பத்துத் தடவையாவது படியேறி இறங்குவார். நிலத்திலே திருவலையை வைத்துக் குந்தித் தேங்காய் துருவுவார். வெள்ளிக்கிழமை தோறும் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கு நடந்தே சென்று மூன்று முறை வலம் வருவார். தந்தையார் காலமான பின்னர், தனியே இருத்தல் தகாதென்று வெள்ளவத்தையில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வந்தேன். இங்கே மின்தூக்கி இருந்தது. தேங்காய்ப் பால் பொதியில் வந்தது. கடற்காற்று வீசும் பலகணியோரம் ஒரு சாய்மனைக் கதிரையும் போட்டுக் கொடுத்தேன். தாயை இனிது பேணுகிறோம் என்று எனக்குள் ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் அவரை உட்கார வைத்தது.

மூன்று ஆண்டுகள் சென்றன. அம்மாவின் நடையில் ஒரு சாய்வு தோன்றியது. வலக்காலை ஊன்றும்போதெல்லாம் உடம்பு வலப்புறம் சாய்ந்து மீளும். "அப்பம்மா தாரா மாதிரி நடக்கிறா" என்று என் இளைய மகள் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு நோவும் வந்தது. வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். "எங்கே நோகுது, அம்மா?" என்று அவர் கேட்டார். அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு முழங்காலைத் தொட்டுக் காட்டினார். முழங்காலுக்கு மருந்து கிடைத்தது. முழங்காலுக்குத் தைலமும் கிடைத்தது. எட்டு மாதங்கள் முழங்காலுக்கே பணிவிடை செய்தோம். நோவோ குறையவில்லை. ஒருநாள் இரவு என் மனைவி காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போதுதான் அம்மா மெல்லிய குரலில் உண்மையைச் சொன்னார். "பிள்ளை, நோவு முழங்காலிலை இல்லை, மேலை, பின்பக்கம். தம்பி பக்கத்திலை நிக்கேக்கை அதை எப்படிச் சொல்லுறது?"

இதற்கிடையில் நான் இன்னொரு பிழையும் செய்திருந்தேன். நோகின்ற பக்கத்துக்கே துணை வேண்டும் என்று எண்ணி, ஊன்றுகோல் ஒன்று வாங்கி அம்மாவின் வலக்கையில் கொடுத்திருந்தேன்.

புதிய வைத்தியர் ஒருவர் இடுப்பைப் பரிசோதித்துப் படமும் எடுத்தார். மூட்டில் பெருங்கேடு இல்லை என்றும், அதன் புறத்தே உள்ள தசைகள் தளர்ந்து தசைநாரும் நைந்திருக்கிறது என்றும் கூறி, உடற்பயிற்சிச் சிகிச்சை செய்யும் ஓர் அம்மையாரிடம் அனுப்பினார். அந்த அம்மையார் அம்மாவை நாலடி நடக்கச் செய்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சேர், இந்தப் பொல்லை வலக்கையிலை குடுத்தது ஆர்?"

"நான்தான்."

"நீங்கள் என்ன படிப்பிக்கிறீங்கள்?"

"விஞ்ஞானம்" என்றேன். அவர் புன்னகை செய்தாரே தவிர, வேறொன்றும் சொல்லவில்லை. ஊன்றுகோலை அம்மாவின் இடக்கைக்கு மாற்றினார். "இதையும் வலக்காலையும் ஒன்றாய் முன்னுக்கு வையுங்கோ, அம்மா" என்றார். சாய்வு அந்த நிமிடமே பாதியாகக் குறைந்ததை என் கண்களால் கண்டேன்.

பதினெட்டு ஆண்டுகளாக மாணவருக்கு நெம்பைக் கற்பிக்கும் நான், என் தாயின் இடுப்பில் இருந்த நெம்பைக் காணத் தவறிவிட்டேன். அன்றிரவு நூல்களை எடுத்துவைத்துக்கொண்டு மாணவனாக உட்கார்ந்தேன். அறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பிட்டத் தசைகளுள் முக்கியமானவை மூன்று. மேலே படர்ந்திருக்கும் பெரிய தசை உடம்பின் தசைகள் அனைத்திலும் பெரியது. இடுப்பென்பின் பின்புறத்திலும் முதுகெலும்பின் அடியிலும் தொடங்கித் தொடையின் புறப்பக்கத்தில் முடிகிறது. தொடையைப் பின்னோக்கி இழுப்பது இதன் தொழில். சமதரையில் மெல்ல நடக்கும்போது இதற்கு அதிக வேலை இல்லை. கதிரையிலிருந்து எழும்போதும், படியேறும்போதும், ஓடும்போதும், குந்தியிருந்து நிமிரும்போதும்தான் இது பாடுபடுகிறது. அம்மாவின் திருவலையும் கொட்டாஞ்சேனை வீட்டுப் படிகளும் இத்தனை காலம் இதற்குத்தான் பயிற்சி அளித்திருக்கின்றன. நான் அந்த இரண்டையும் பறித்துவிட்டுச் சாய்மனைக் கதிரையைக் கொடுத்தேன்.

மற்ற இரண்டும் நடுத்தசையும் சிறுதசையும் ஆகும். இவை இடுப்பின் பக்கவாட்டில் விசிறிபோல விரிந்து, தொடையென்பின் மேல்முனைப் புடைப்பில் குவிகின்றன. இவற்றின் பெருமை ஒற்றைக் காலில் நிற்கும்போதுதான் விளங்கும். நடை என்பது என்ன? ஒற்றைக் காலில் நிற்பதை மாறி மாறிச் செய்வதே நடை. வலக்காலில் நிற்கும்போது வலத் தொடையென்பின் உருண்டைத் தலை பொறுதியாகிறது. உடம்பின் பாரம் அதற்கு உட்புறத்தில் இறங்குகிறது. நடுத்தசையும் சிறுதசையும் வெளிப்புறத்தில் எத்தனம் கொடுக்கின்றன. பாரம் பொறுதியிலிருந்து தூரத்தில் இருக்கிறது. தசையோ அதன் அருகில் இருக்கிறது. ஆகையால் தசை ஏறக்குறைய உடல் எடையின் இரு மடங்கு விசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது. எடையும் இழுவிசையும் சேரும்போது, இரண்டரை முதல் மூன்று மடங்கு சுமை ஒவ்வோர் அடியிலும் அந்த மூட்டில் இறங்குகிறது.

இத்தசைகள் தளர்ந்தால், அந்தக் காலில் நிற்கும்போது இடுப்பின் மறுபக்கம் கீழே சரியும். இக்குறியை 1895ஆம் ஆண்டில் விளக்கியவர் திரெண்டலன்பேர்க் என்னும் ஜேர்மானிய அறுவை வைத்தியர். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. சரிவைத் தவிர்க்க உடம்பு ஓர் உபாயம் செய்கிறது. நோயுற்ற பக்கமாகவே சாய்ந்து பாரத்தைப் பொறுதிக்கு அருகில் கொண்டுவருகிறது. நாங்கள் சிரித்த தாரா நடை இதுதான். அது அம்மாவின் உடம்பு தானாகவே போட்ட நெம்புக் கணக்கு!

ஊன்றுகோலின் இரகசியமும் இங்கேதான் இருக்கிறது. இடக்கையில் ஊன்றினால், கோலுக்கும் வல இடுப்புக்கும் இடையே உள்ள தூரம் அதிகம். ஆதலால் கையால் சிறிதளவு அழுத்தினாலே, தசையின் சுமையில் பெரும் பங்கு குறைந்துவிடும். வலக்கையில் ஊன்றினால் இந்த நயம் கிடைப்பதில்லை. நோகின்ற பக்கத்துக்கு எதிர்க்கையில் ஊன்றுகோல் என்ற இந்த ஒரு விதியை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொண்டால், எத்தனையோ பாட்டன் பாட்டிமாருக்கு உதவலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய தசையின் மறைவிலேதான் உடம்பின் மிகத் தடித்த நரம்பு இடுப்பிலிருந்து காலுக்கு இறங்குகிறது. நாரியிலிருந்து கால்வரை மின்னல்போல் வெட்டும் நோவைப் பலர் அறிவர். அது இந்நரம்பின் கூக்குரல். பிட்டத்தில் ஊசி போடுவோர் அதனை நாற்பங்காகப் பிரித்து, மேல்வெளிப் பங்கைத் தேர்வதும் இந்நரம்பைக் காப்பதற்காகவே.

இவற்றைத் தமிழில் சொல்லக் கூசுபவர்களுக்கு மானிப்பாயை நினைவூட்ட விரும்புகிறேன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், நமது மாணாக்கருக்கு மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றைத் தமிழில் விளக்கும் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் நூல் 1872இல் வெளிவந்தது. வேற்று நாட்டார் ஒருவர் நம் மொழியில் உடம்பின் உறுப்புகள் அனைத்துக்கும் பெயர் சொல்ல நாணவில்லை. நாமோ பெற்ற தாயின் நோவு எங்கே என்று கேட்கவும் நாணுகிறோம். அவர் சொல்லவும் நாணுகிறார். பெயர் சொல்லப்படாத இடத்துக்கு மருந்து எவ்வாறு போய்ச் சேரும்?

அம்மையார் கொடுத்த பயிற்சிகள் எளியவை. கையூன்றாமல் கதிரையிலிருந்து எழுந்து மெல்ல உட்காருதல். சுவரைப் பற்றிக்கொண்டு சிறிது நேரம் ஒற்றைக் காலில் நிற்றல். ஒருக்களித்துப் படுத்து மேற்காலை உயர்த்துதல். எல்லோர்க்கும் எல்லாம் பொருந்தா; வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும். சாய்மனைக் கதிரையை நாங்கள் அயலவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். இறங்கும்போது ஒரு மாடிப் படியை அம்மா நடந்தே இறங்குகிறார். கைபிடித்துக் கூட வருபவள், முன்னர் சிரித்த அதே மகள்.

ஐந்து மாதங்களின் பின், ஒரு வெள்ளிக்கிழமை, அம்மாவைக் கொச்சிக்கடைக்கு அழைத்துச் சென்றேன். கோயில் வாயிலில் உயர்ந்த கருங்கற்படி. அதைத் தாண்ட ஒரு கணமேனும் வலக்காலில் தனியே நிற்கத்தான் வேண்டும். நான் கையை நீட்டினேன்.

"விடு தம்பி. நடராசர் யுகயுகமாய் ஒற்றைக் காலிலை நிக்கிறார். நான் ஒரு நொடி நிக்க மாட்டனோ?" என்றார்.

இடக்கையில் கோலை ஊன்றினார், வலக்காலில் நின்றார், இடக்கால் படியைத் தாண்டி உள்ளே சென்றது. அன்று மூன்று முறை வலம் வர அவரால் முடியவில்லை. ஒரு முறைதான் வந்தார். நான் ஓரடி பின்னே நடந்து வந்தேன். அந்த ஒரு சுற்று முழுவதும் என் பார்வை சுவாமியிடம் செல்லவில்லை. அம்மாவின் இடுப்பு சரிகிறதா என்றே பார்த்துக்கொண்டு வந்தேன். இறைவன் அதனைப் பிழையாகக் கொள்ளமாட்டான் என்று நம்புகிறேன்.