அடை எதற்கு?

பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியில் கள் சமைக்கும் பகுதியை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். அரிசிக் களியை ஆற்றி, நெல்முளை அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளைய விடுவார்கள். அடை எதற்கு என்று முதலாண்டிலேயே ஒரு மாணவி கேட்டார். சுவைக்காக என்று சொல்லிக் கடந்துவிட்டேன்.

சென்ற கோடையில் அமெரிக்காவில், போர்ட்லண்டில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். (1978இல் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்திற்குப் பின் அங்கே வீட்டில் பீர் செய்வது குற்றமன்று. நம்மூரில் குற்றம்.) அதுவரை கடையில் வாங்கிய மால்ட் சாற்றைக் கரைத்தே பீர் செய்து வந்தவன், அன்று முதன்முறையாக முளைகட்டிய பார்லியிலிருந்தே தொடங்கினான். ஐந்து கிலோ நொய். 67 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் ஊற வேண்டும்.

துழாவும் பணி எனக்கு. நான் மூடியைத் திறந்து திறந்து பார்த்ததில் சூடு அறுபதுக்கு இறங்கிவிட்டது. தம்பி கடிந்துகொண்டான். ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பார்த்தான்: கருநீலம். மாவு இன்னும் கரையவில்லை. வெந்நீர் ஊற்றிக் காத்திருந்தோம். அடுத்த சொட்டு நிறம் மாறவில்லை. நாவில் வைத்தேன், ஒரு துளி சர்க்கரையும் இடாத கஞ்சி பாகாய் இனித்தது. தன் குருத்துக்கென்று தானியம் முளைக்கையில் உண்டாக்கும் நொதி, மாவைச் சர்க்கரையாக்கிவிடுகிறது. ஈஸ்ட்டுக்கு வேண்டியது அந்தச் சர்க்கரைதான். மாவை அதனால் உண்ண இயலாது.

இரண்டு வாரம் கழித்துப் பருகிய பீர் சற்று நீர்த்திருந்தது. என் மூடிதான் காரணம் என்றான்.

ஊர் திரும்பியதும் அந்த மாணவியைத் தொலைபேசியில் அழைத்தேன். இப்போது வேறொரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறார். அடையைப் பற்றிக் கேட்டதும், "சுவைக்காகத்தானே ஐயா, நீங்கள் சொன்னபடியே சொல்லித் தருகிறேன்" என்றார்.