இரண்டு விலைகளும் ஒரு மனச்சாட்சியும்



விடுமுறைக்குச் சென்னை புறப்படும் குடும்பத்தார் ஆராதனை முடிந்து என்னிடம் விடைபெறும்போது, இந்நாட்களில் ஒரு கேள்வியையும் கேட்கிறார்கள். "பாஸ்டர், ஆஸ்திரேலியாவில் விற்கும் அதே மென்பொருள் ஊரில் மிகவும் மலிவாகக் கிடைக்கிறது. அங்கே வாங்கி இங்கே பயன்படுத்தலாமா?" நம் சபை அலுவலகத்துக்கும் ஆராதனை நேரலைக்கும் வேண்டியதை அவ்வாறே வாங்கித் தருவதாக வாலிபர் ஒருவர் அன்போடு முன்வந்திருக்கிறார். எனவே இது சபை முழுவதும் சிந்திக்க வேண்டிய கேள்வியாயிற்று.

இப்படிக் கேட்பவரைப் பேராசைக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். இந்நாட்டில் இந்த மனக்குறைக்கு நியாயம் உண்டு. 2013 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆப்பிள், மைக்ரோசாப்ட், அடோபி ஆகிய நிறுவனங்கள் நாடாளுமன்றக் குழுவின் முன் அழைக்கப்பட்டு, இங்கே ஏன் இவ்வளவு விலை என்று விசாரிக்கப்பட்டன. அப்போது ஆஸ்திரேலிய டாலர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழச் சமமாயிருந்தது. ஆயினும், விலையுயர்ந்த சில மென்பொருள்களை இங்கே வாங்குவதைவிட, விமானமேறி அமெரிக்கா சென்று வாங்கித் திரும்புவது மலிவு என்று கணக்கிட்டார்கள். அரசாங்கம் விதிக்காத இந்தச் சுமைக்கு மக்கள் வைத்த பெயர் 'ஆஸ்திரேலியா வரி'. அதே ஆண்டு ஜூலையில் வெளிவந்த குழுவின் அறிக்கையும் நுகர்வோர் பக்கமே பேசிற்று.

எனினும் காசின் மறுபக்கத்தையும் பாருங்கள். மென்பொருளை இன்னொரு பிரதி எடுக்க ஏறக்குறையச் செலவே இல்லை. ஆகவே அந்தந்த நாட்டு மக்களால் எவ்வளவு கொடுக்கக் கூடும் என்பதைப் பார்த்தே பெரும்பாலும் விலை குறிக்கிறார்கள். நமக்கு அநியாயமாகத் தோன்றும் அதே ஏற்பாடு, மதுரையில் படிக்கும் ஓர் ஏழை மாணவனுக்கு வாசலைத் திறந்து வைக்கிறது.

அந்த வாசல் அடைபடவும் கூடும். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்னும் இணையக்கடையில், அர்ஜென்டினாவிலும் துருக்கியிலும் விலை மிகக் குறைவாக இருந்தது. வேறு நாட்டார் பலர் தாங்கள் அங்கே வசிப்பதாகக் காட்டி வாங்கினார்கள். கடை நாடு மாற்றுவதற்கு 2021 இல் கட்டுப்பாடு விதித்தது. 2023 நவம்பர் 20 முதல் அவ்விரு நாடுகளின் சொந்த நாணய விலைகளையே நீக்கி, அமெரிக்க டாலரில் விலை வைத்தது. நாணய மதிப்பின் ஏற்ற இறக்கமே காரணம் என்று நிறுவனம் சொன்னது. காரணம் எதுவாயினும், பல விளையாட்டுகளின் விலை அங்குள்ளவர்களுக்குப் பன்மடங்காக உயர்ந்தது. எளியவருக்கென்று போட்ட பந்தியில் வசதியுள்ளவர் வந்து அமர்ந்தால், அந்தப் பந்தி எத்தனை நாள் நடக்கும்?

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? வாங்குமுன் மூன்று காரியங்களைச் சீர்தூக்கிப் பாருங்கள்.

முதலாவது, உரிம நிபந்தனையை வாசியுங்கள். மென்பொருள் விஷயத்தில் பெரும்பாலும் நாம் பெறுவது பொருளை அல்ல, பயன்படுத்தும் உரிமையை. எந்நாட்டிலும் பயன்படுத்தலாம் என்று அதில் இருக்குமானால், சென்னையில் வாங்கி வருவதில் குற்றமில்லை, மனமகிழ்ச்சியோடு வாங்குங்கள்.

இரண்டாவது, வாங்குவதற்காகப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். வசிக்காத முகவரியை எழுதுவதும், விபிஎன் கொண்டு இருப்பிடத்தை மறைப்பதும், மாணவராக இல்லாதவர் மாணவர் சலுகையைப் பெறுவதும் சிக்கனம் ஆகா. நியாயமான திராசைக் குறித்து வேதம் சொல்வதைக் கடைக்காரருக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது. வாங்குகிறவர் கையிலும் ஒரு தட்டு இருக்கிறது.

மூன்றாவது, நான் எடுத்துக்கொள்ளும் இந்தச் சலுகை யாருக்காக வைக்கப்பட்டது என்று கேளுங்கள்.

இவற்றை மனதில் கொண்டு, அந்த வாலிபர் குறிப்பிட்ட மென்பொருளின் நிபந்தனையை அவரோடு அமர்ந்து வாசித்தேன். இந்தியாவில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. ஆகவே அவருடைய அன்புக்கு நன்றி சொல்லி, அவ்வழி வேண்டாம் என்றேன். பாடல் வரிகளைத் திரையில் காட்ட ஓப்பன் எல்பி, நேரலைக்கு ஓபிஎஸ் ஸ்டூடியோ, கடிதங்களுக்கு லிப்ரே ஆபிஸ் ஆகியவை எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்டவை. அவற்றை நிறுவித் தரும் பொறுப்பை அவரே உற்சாகமாய் ஏற்றுக்கொண்டார். அவற்றால் ஆகாத வேலை ஏதும் இருந்தால், அதற்கு இந்நாட்டு விலையையே கொடுப்போம். அந்த விலை அநியாயம் என்று தோன்றினால் நிறுவனத்துக்கும் நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுதுவோம். 2013 இல் அந்த நிறுவனங்களைப் பதில் சொல்ல வைத்தது, மக்கள் வெளிப்படையாக எழுப்பிய குரலே.

மீதமாகும் பணம் சிறிதோ பெரிதோ, அதை எப்படி மீதப்படுத்தினோம் என்று நம் பிள்ளைகள் கேட்டால் தயங்காமல் சொல்லக்கூடிய வழியில் மீதப்படுத்துவோம்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் போதகர்