சிவப்பில் நின்ற நாடா

திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் காலை மின்சார ரயிலைப் பிடித்தால்தான் அந்த அம்மாவால் திருவள்ளூர் பக்கம் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். அங்கன்வாடி மேற்பார்வையாளர் வேலை. கைப்பையில் டிபன் பாக்ஸோடு ஒரு மூவண்ண நாடாவும் இருக்கும். குழந்தையின் மேல்கையைச் சுற்றி அளக்க வேண்டும். 12.5 சென்டிமீட்டரைத் தாண்டினால் பச்சை. 11.5-க்குக் கீழே போனால் சிவப்பு. உயிருக்கே ஆபத்தான மெலிவு.

அன்று முதல் நாள் இரவுதான், விளையாட்டாக, ஒன்றரை வயதுப் பேரனின் கையில் அதைச் சுற்றிப் பார்த்திருந்தார். பதினைந்தரை. செங்கல் சூளையில் அதே வயதுப் பெண் குழந்தைக்குப் பதினொன்றுதான் வந்தது.

"ஏம்மா, பாப்பா சாப்பிடுதா?"

"சாப்பிடுதும்மா. காலையில டீயும் பன்னும். அப்புறம் சோறு, ரசம்."

தாய் பொய் சொல்லவில்லை. ரேஷன் அரிசி வயிற்றை நிரப்பிவிடுகிறது. பருப்பும் முட்டையும்தான் அந்தத் தட்டுக்கு வருவதில்லை. இருளர் குடும்பம். கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். நள்ளிரவு தாண்டியதும் மண் வேலை தொடங்கிவிடும். பாப்பா எட்டு வயது அக்காவின் இடுப்பில்தான் வளர்கிறது. தாய்ப்பால் எப்போதோ நின்றுவிட்டது.

"எங்க காலத்துல வயக்காட்டு நண்டு, நத்தை, ஏரி மீனு, எலிக்கறின்னு ஏதாச்சும் கெடைக்கும். மழை விட்டா ஈசல். இப்ப வயலெல்லாம் பிளாட்டு" என்றார் குடிசை ஓரம் உட்கார்ந்திருந்த பாட்டி.

எலிக்கறி என்றதும் மேற்பார்வையாளரின் முகம் சுளித்தது. சளி பிடித்தால் தன் வீட்டில் நண்டு ரசம் வைப்பது ஞாபகம் வர, வெட்கமாகிவிட்டது. புரதமும் இரும்புச் சத்தும் காசில்லாமல் கிடைத்த சாப்பாடல்லவா அது!

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லை. நாடெங்கும் பழங்குடிக் குழந்தைகளில் பத்தில் நான்கு. ஆனால் சூளைக்கு வந்த குழந்தை எந்த ஊர்க் கணக்கில் வரும்?

பக்கத்து அங்கன்வாடிப் பணியாளருக்கும் அதே குழப்பம்தான். "பேரு அவங்க ஊர்ல இருக்கு மேடம்…"

"2006-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சும்மா, ஆறு வயசுக்குள்ள எல்லாப் பிள்ளைக்கும் குடுக்கணும்னு. இங்க எழுதிக்கோ. கணக்கை நான் பார்த்துக்கறேன்."

சத்துமாவு பாக்கெட்டைக் கொடுத்து அனுப்பினால் நாலு பிள்ளைகள் பங்கு போட்டுவிடுவார்கள். அதனால் பாப்பாவை அங்கேயே உட்காரவைத்து ஊட்டச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத்தான் தாய் மறுத்தாள். ஒரு நாள் கல் அறுக்காவிட்டால் முன்பணம் எப்படிக் கழியும்? கடைசியில் பாட்டி எழுந்து புடவையை உதறிக்கொண்டார். "நான் தூக்கிட்டுப் போறேன்."

அடுத்த மாதம் நாடா 11.7 காட்டியது. மஞ்சள். அதற்கடுத்த மாதம் 12.

ஆனி மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. மேற்பார்வையாளர் மறுபடி போனபோது சூளையில் ஆள் இல்லை. ரயில் பிடிக்கும் முன் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தெரிந்த பணியாளருக்குப் போன் போட்டார்.

"ஒரு பாட்டி, இடுப்புல பொண்ணு குழந்தையோட வருவாங்க. பன்னெண்டுல இருக்கு. எழுதிக்கோ."