ஒண்டும் ஒண்டும் ஒண்டோ?

ஜாவாஸ்கிரிப்டில் {} === {} எண்டு எழுதிப் பாருங்கோ. 'ஃபோல்ஸ்' எண்டு பதில் வரும். இரண்டு பெட்டி, இரண்டுக்குள்ளும் ஒண்டுமில்லை, ஆனாலும் சமன் இல்லையாம். 1995 இல் பிரெண்டன் ஐக் பத்து நாளில் அவசரமாகச் செய்த மொழி எண்டு சொல்லிச் சிரிக்கிறவை இருக்கினம். ஆனால் இதை அந்த அவசரத்தின் தலையில் கட்டேலாது. ஜாவாவிலும் === இற்குப் பதிலாக இருக்கிற == இதையேதான் செய்யும். ஒப்ஜெக்டுக்குள் என்ன இருக்கு எண்டு அது பார்க்கிறதில்லை. நினைவகத்தில் இரண்டும் ஒரே இடமா எண்டு மட்டும் பார்க்கும். ஒரே வரைபடத்தில் கட்டின இரண்டு வீடு இரண்டு வீடுதான், இல்லையோ?

எங்களுக்கு இது வெறும் பாடமாக வரேல்லை. எங்கட ஊர்ச் சனசமூக நிலையம் பிள்ளைகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும் குடுக்கப் பட்டியல் எடுத்தது. இரண்டு குழு இரண்டு பக்கத்தால வீடு வீடாகப் போனது. நடு ஒழுங்கைகளில் இருந்த வீடுகள் இரண்டு பட்டியலிலும் வந்திட்டுது. இரட்டிப்பை எடுத்துவிடுற ப்ரோக்ராம் எழுதுற வேலை எங்களிட்ட வந்தது. ஒரு குடும்பம் ஒரு ஒப்ஜெக்ட், அதுக்குள்ள பிள்ளைகளின் வரிசை, ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் பெயர், பாடசாலை, தரம். ஒண்டுக்குள்ள ஒண்டு. இதில் வேறு வேறு எண்டு பிழையாகச் சொன்னால் ஒரு வீட்டுக்கு இரண்டு பொதி போகும். ஒண்டுதான் எண்டு பிழையாகச் சொன்னால் ஒரு பிள்ளைக்குச் சப்பாத்து இல்லை. இரண்டும் பிழைதான், ஆனால் இரண்டும் ஒரே எடை இல்லை.

குறுக்கு வழி எல்லாருக்கும் தெரியும். இரண்டையும் ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை மூலம் எழுத்தாக்கி, எழுத்தை ஒப்பிடுறது. ஒருத்தர் பெயரை முதலும் ஊரைப் பிறகும் போட்டிருக்க, மற்றவர் மாறிப் போட்டிருந்தால் எழுத்து மாறும், சமன் இல்லையெண்டு வரும். அது பரவாயில்லை. மோசம் மற்றப் பக்கம்தான். 'அன்டிஃபைன்ட்' பெறுமதி உள்ள இடத்தை ஸ்ட்ரிங்கிஃபை சத்தமில்லாமல் விட்டிடும். மேப், செட் இரண்டையும் உள்ள இருக்கிறதைப் பாராமல் வெறும் {} ஆக்கும். வேறு வேறான இரண்டு மேப் அப்பிடி ஒண்டாகிப் போகும். பிள்ளை ஒப்ஜெக்டுக்குள் 'வீடு' எண்டு திரும்பக் குடும்பத்தைக் காட்டுற கண்ணி வைச்சிருந்தால் பிழைச்செய்தி தந்து நிண்டுவிடும்.

சரியான வழி உள்ளே இறங்கிப் பார்க்கிறது. இரண்டிலும் ஒரே பெயர்களில் இடங்கள் இருக்கோ எண்டு பார்த்து, ஒவ்வொரு இடத்தையும் ஒப்பிட்டு, அங்கேயும் ஒப்ஜெக்ட் இருந்தால் அதே வேலையைத் திரும்பச் செய்யிறது. வட்டமாகச் சுத்தாமல் இருக்க, எந்தச் சோடியை ஒப்பிடத் தொடங்கிட்டம் எண்டு ஒரு குறிப்பு வைச்சிருக்க வேணும். லோடாஷின் இஸ்ஈக்குவல், நோடின் இஸ்டீப்ஸ்ட்ரிக்ட்ஈக்குவல் இரண்டும் இதைச் செய்து தருது. எண்ணாக வாசிக்க முடியாத வயதுக்கு வாற NaN ஐயும் அவை சமாளிக்கும். தமிழில் வாசித்தால் 'நான்'. === இன் கணக்கில் நான் எனக்கே சமனில்லை.

ஆனால் லைப்ரரி எங்கட கேள்விகளுக்குப் பதில் சொல்லாது. ஒரு தொண்டர் மூத்த பிள்ளையில் தொடங்கி எழுத, மற்றவர் இளையதில் தொடங்கினவர். வரிசை மாறினால் குடும்பம் மாறுமோ? மாறாது, அதால பெயரால் அடுக்கிப் போட்டுத்தான் ஒப்பிட்டம். தரம் 5 ஒரு பட்டியலில் எண், மற்றதில் எழுத்து. அதையும் ஒரே வகையாக்கினம். 'தரம்' எண்ட இடமே இல்லாத பிள்ளையும், இடம் இருந்து வெறுமையான பிள்ளையும் ஒண்டோ? முதலாவதைக் கேட்காமல் விட்டிருக்கலாம். இரண்டாவது, கேட்டும் சொல்ல ஒண்டுமில்லாமல், பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளையாக இருக்கலாம். அதை ஒண்டெண்டு எடுக்க எங்களுக்கு மனம் வரேல்லை.

பிறகு எங்கட எழுத்து. 'கொ' வை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க வுக்குப் பிறகு 'ொ' எண்ட ஒரே குறி, அல்லது 'ெ' யும் 'ா' வும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒரே எழுத்து, === இற்கு வேறு. நோர்மலைஸ் போட்டால் இது சரிவரும். ஆனால் 'கௌரி' யை 'கெளரி' எண்டு, ள எழுத்தைப் போட்டுத் தட்டியிருந்தால் நோர்மலைஸும் கைவிடும். ஏனெண்டால் அது உண்மையிலேயே வேற எழுத்து. எங்கட சனம் எப்பிடித் தட்டும் எண்டு எந்த அமெரிக்க லைப்ரரிக்கும் தெரியாது. அந்த விதியை நாங்களேதான் எழுத வேணும்.

உள்ளடக்கத்தால் ஒப்பிடுபடுற ரெக்கோர்ட், டூப்பிள் எண்ட வகைகளை ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொண்டுவர ஒரு முன்மொழிவு இருந்தது. 2025 இல் அதைக் கைவிட்டிட்டினம். வந்திருந்தாலும் கௌரியின் கதையை அது தீர்த்திருக்காது.

அதால எங்கட ப்ரோக்ராம் உண்டு இல்லையெண்டு இரண்டு பதில் சொல்லுறதை நிப்பாட்டினம். எல்லாம் பொருந்தினால் ஒண்டு. வீட்டு இலக்கமும் பெயர்களும் பொருந்தாட்டி வேறு. மிச்சம் எல்லாம் மூன்றாவது பட்டியலுக்குப் போகும், எந்த இடத்தில் வித்தியாசம் எண்ட குறிப்போடு. அதைப் ப்ரோக்ராம் அழிக்காது. அந்த ஒழுங்கையைத் தெரிஞ்ச ஒரு ஆள் கடதாசியோடு சைக்கிளில் போய்க் கேட்டு வருவார்.