தொழில்முனைவு என்னும் பாடம்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில் அமைந்த கடற்கரை ஊர் பொழியூர். ஆறோ காயலோ கடலோடு கலக்கும் முகத்துவாரத்தைப் 'பொழி' என்பது அப்பகுதி வழக்கு. பொழியூரை அடுத்துள்ள நீரோடியில் கன்னியாகுமரி மாவட்டம் தொடங்குகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் அமைந்தது. ஆயினும் இருபுறத்து மீனவரும் ஒரே கடலில்தான் வலை வீசுகின்றனர். தமிழும் மலையாளமும் அக்கரையெங்கும் கலந்து ஒலிக்கின்றன.

விடியலுக்கு முன் வள்ளத்தைக் கடலில் இறக்கும் மீனவருக்கு அன்றைய வருவாய் எவ்வளவு என்பது தெரியாது. எரிபொருளுக்குப் பணம் கொடுத்தாயிற்று. வலைக்கு வாங்கிய கடன் நிலுவையில் உள்ளது. உடன்வரும் தொழிலாளர்க்குப் பங்கு தரவேண்டும். மீன் கிடைத்தால் வருவாய், கிடைக்காவிட்டால் இழப்பு. இவ்வாறு இழப்புக்கு அஞ்சாமல் முதலையும் உழைப்பையும் ஒன்றுசேர்த்துத் தொழில் நடத்துவோரைத் தொழில்முனைவோர் என்கிறோம். பொருளியல் அறிஞர் ஜோசப் சும்பீட்டர், 1911இல் வெளிவந்த தம் நூலில் இன்னொரு பண்பையும் சேர்த்தார். முன்பே உள்ள பொருள்களையும் ஆற்றல்களையும் புதிய முறையில் இணைப்பவரே தொழில்முனைவோர் என்பது அவர் கருத்து.

அவ்வாறாயின், பிறந்த மண்ணிலேயே கிடைக்கும் துணிவைக் கல்லூரியில் மூன்று நான்கு ஆண்டுகள் ஏன் பயில வேண்டும்? இவ்வினாவிற்கு அக்கடற்கரையின் வரலாறே விடை தருகிறது.

முன்னாளில் மீனவர் பலர் வலைக்கும் வள்ளத்திற்கும் வணிகரிடம் கடன் பெற்றனர். கடன் தந்தவரிடமே மீனைக் கொடுக்க வேண்டும். விலையை அவரே முடிவு செய்வார். உயிரைப் பணயம் வைத்துப் பிடித்த மீனுக்கு விலை சொல்லும் உரிமை, பிடித்தவருக்கு இல்லை. துணிவுக்கு அங்கே குறைவில்லை. விலை, கடன், கணக்கு ஆகியவற்றின் மீதான ஆளுமையே குறைவாக இருந்தது. இதனை உணர்ந்த மீனவர்கள் ஊர்தோறும் சங்கங்கள் அமைத்தனர். மீனைச் சங்கத்தின் வழியே ஏலம் விட்டனர். விற்பனைத் தொகையில் ஒரு பகுதி கடனுக்கும் ஒரு பகுதி சேமிப்புக்கும் சென்றது. இச்சங்கங்களை இணைத்து, 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு திருவனந்தபுரத்தில் உருவாயிற்று.

இதே காலத்தில் கட்டுமரத்திற்கு ஏற்ற மரம் அரிதாகி, அதன் விலையும் உயர்ந்தது. கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் ஒட்டுப்பலகையால் வள்ளம் கட்டும் முயற்சி தொடங்கியது. அலை மோதும் கரைக்கு ஏற்ப மாதிரிகளை மாற்றி மாற்றி அமைத்தனர். மீனவர்கள் கடலில் ஓட்டிப் பார்த்துக் குறைகளைச் சொன்னார்கள், குறைகள் களையப்பட்டன. பின்னர் அவ்வள்ளங்கள் இருமாநிலக் கரைகளிலும் பரவின.

இடரைக் கண்டறிதல், மாதிரி செய்து சோதித்தல், பயன்படுத்துவோரின் சொல்லைக் கேட்டல், பலரை ஒன்றிணைத்தல் ஆகிய நான்கும் இவ்வரலாற்றில் உள்ளன. இவற்றை அம்மீனவர்கள் பல ஆண்டு இழப்பின் வழியே கற்றனர். இவற்றையே முறைப்படுத்திக் கற்பிக்க முயல்வது தொழில்முனைவுப் படிப்பு.

இப்படிப்புக்கு நெடிய வரலாறு இல்லை. 1947இல் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மைல்ஸ் மேஸ் என்னும் பேராசிரியர் இதற்கெனத் தனிப்பாடம் நடத்தினார். 1960களில் உளவியல் அறிஞர் டேவிட் மெக்லெல்லண்ட் ஆந்திரத்தின் காக்கிநாடாவைச் சேர்ந்த தொழில்புரிவோர்க்குப் பயிற்சி அளித்து ஆராய்ந்தார். சாதிக்கும் ஊக்கம் பிறவிக்குணம் மட்டுமன்று, பயிற்சியாலும் வளர்வது என்னும் கருத்துக்கு அவ்வாய்வு வலுச்சேர்த்தது. 1983இல் அகமதாபாத்திலும் 2001இல் சென்னையிலும் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனங்கள் தோன்றின. கேரளத்தில் 2006இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் மிஷன், கல்லூரிகளில் புத்தாக்க மையங்கள் அமையத் துணைநிற்கிறது. 2024இல் அம்மாநிலப் பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நான்காண்டு இளநிலைப் படிப்பு, முதன்மைப் பாடத்தோடு பிற துறைப் பாடங்களையும் தெரிவுசெய்ய இடந்தருகிறது. எனவே வேதியியல் பயிலும் மாணவரும் வணிகக் கணக்கைக் கற்க இயலும்.

வகுப்பில் என்ன கற்பிக்கப்படும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். பொழியூரிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் ஒரு மாணவி, நெத்திலிக் கருவாடு விற்கும் திட்டம் ஒன்றை எழுதுவதாகக் கொள்க. கிலோ 100 ரூபாய் வீதம் 10 கிலோ நெத்திலி வாங்க 1000 ரூபாய் ஆகும். உப்பு, உறை, பயணம் ஆகியவற்றுக்கு 200 ரூபாய். காய்ந்தபின் 3 கிலோ எஞ்சும். கிலோ 500 ரூபாய்க்கு விற்றால் 1500 ரூபாய் கிடைக்கும். 300 ரூபாய் இலாபம் என்று அவள் எழுதுகிறாள்.

ஆசிரியர் ஒரு வினா எழுப்புகிறார்: "மீனைக் கழுவி, உலர்த்தி, காக்கையை விரட்டிக் காத்தவர் யார்?" தாயும் பாட்டியும் இரண்டு நாள் செய்த வேலை அது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 300 ரூபாய் கூலி எனக் கணக்கிட்டால் 1200 ரூபாய் ஆகிறது. இலாபம் என்று எழுதியது 900 ரூபாய் இழப்பாக மாறுகிறது. வீட்டுப் பெண்களின் உழைப்புக்கு விலையே இல்லை என்று கொண்டதால்தான் அத்தொழில் இலாபமாகத் தோன்றியது.

கணக்கு அத்துடன் முடிவதில்லை. அதே இருவர் அதே இரண்டு நாளில் 60 கிலோ மீனை உலர்த்த இயலுமாயின், செலவு 7200 ரூபாய். 18 கிலோ கருவாட்டின் விலை 9000 ரூபாய். கூலி 1200 ரூபாய் போக 600 ரூபாய் உண்மையான இலாபம். மணலில் பரப்பாமல் உயரமான பரணில் உலர்த்தினால் மணல் ஒட்டாது. நல்ல விலையும் கிடைக்கலாம். ஆனால் எதிர்பாராத மழை பெய்தால் அத்தனை மீனும் கெடும். அவ்விழப்பைத் தாங்கும் சேமிப்பு உண்டா என்பது அடுத்த வினா. இவ்வினாக்களைத் தாளில் சந்திப்பவர், கடன் வாங்கிய பின் சந்திக்க வேண்டியதில்லை.

கல்லூரியில் தோன்றிய முயற்சி உயிர்காக்கும் கருவியாக வளர்ந்ததும் உண்டு. 2015இல் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக் குழியில் இறங்கிய இரு தொழிலாளர்கள் மூச்சடைத்து மாண்டனர். அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநர் நௌஷாத்தும் உயிரிழந்தார். குற்றிப்புறம் எம்.இ.எஸ். பொறியியல் கல்லூரியில் பயிலும்போதே எந்திரக் கருவிகளை உருவாக்கிப் பழகிய நண்பர்கள் சிலர், மனிதர் குழிக்குள் இறங்கும் நிலையை மாற்ற முனைந்தனர். அவர்கள் நிறுவிய ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'பாண்டிகூட்' என்னும் எந்திரம், 2018இல் திருவனந்தபுரத்தில் பணியைத் தொடங்கியது. பாண்டிகூட் என்பது பெருச்சாளியைக் குறிக்கும் பெயர்.

எனினும் இப்படிப்பு வெற்றிக்கு உறுதி தருவதில்லை. புதிய தொழில்கள் பல தொடங்கிய சில ஆண்டுகளிலேயே நின்றுவிடுகின்றன. கடனில் தவிக்கும் குடும்பம், பிள்ளை மாத ஊதியப் பணிக்குச் செல்ல வேண்டும் என்று விரும்புவது இயல்பு. அவ்விருப்பத்தைக் கோழைத்தனம் என்று இகழ்தல் தகாது. வீழ்ந்தால் தாங்குவதற்குச் சேமிப்பில்லாத வீட்டின் அச்சம் அது. பட்டம் பெற்றவுடன் தொழில் தொடங்கியே ஆகவேண்டும் என்பதும் இல்லை. சில ஆண்டுகள் பணிபுரிந்து, அனுபவமும் சிறு முதலும் சேர்த்தபின் தொடங்கலாம். ஊர்ச் சங்கத்தின் கணக்கைச் சீர்செய்வதற்கும் இக்கல்வி பயன்படும். 'ஆழம் அறியாமல் காலை விடாதே' என்பது பழமொழி. ஆழத்தை அளக்கும் முறையைக் கற்பதே இப்படிப்பின் பயன்.

மும்பைத் தாராவியில் விடியற்காலையில் இட்டலி அவித்து விற்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. பிழைப்புத் தேடி வேற்றூர் சென்ற தமிழர் நடத்தும் கடைகளும் சிறுதொழில்களும் பல நகரங்களில் உள்ளன. அவர்தம் பிள்ளைகள் கல்லூரியில் இப்பாடத்தைப் பயின்றால், பெற்றோர் மனத்தில் மட்டும் வைத்திருந்த கணக்கை ஏட்டில் எழுதிக் காட்ட இயலும். அந்த ஏட்டில் தாயின் உழைப்புக்கும் ஒரு வரி இருத்தல் வேண்டும்.

சொற்பொருள்
முகத்துவாரம் – ஆறு கடலில் கலக்கும் இடம்
நிலுவை – செலுத்தப்படாமல் எஞ்சிய தொகை
பரண் – உயரத்தில் அமைத்த தட்டு
தகாது – பொருந்தாது

பயிற்சி
1. மீனவர்கள் சங்கம் அமைத்ததன் காரணம் யாது?
2. மாணவி எழுதிய 300 ரூபாய் இலாபம் எவ்வாறு இழப்பாக மாறியது? கணக்கிட்டு விளக்குக.
3. 'கோழைத்தனம் என்று இகழ்தல் தகாது' – கட்டுரை கூறும் காரணத்தை எழுதுக.
4. உங்கள் பகுதியில் உள்ள ஒரு சிறுகடைக்காரரிடம் உரையாடி, அவர் கணக்கில் சேர்க்காத உழைப்பு யாருடையது என்பதை ஐந்து வரிகளில் எழுதுக.